இருக்கிற விண்டோஸ் பார்ட்டிஷனை விர்ச்சுவல்பாக்ஸில் கொடுத்தால் பூட் ஆகவில்லை: முதலில் க்ரப், அப்புறம் நீலத்திரை

கேட்டவர்: வடக்குவீதி

ஒரே என்விஎம்இ டிஸ்க், 512 ஜிபி. விண்டோஸ் 10-ம் உபுண்டு 22.04-ம் டூயல் பூட், இரண்டும் யூஈஎஃப்ஐ (புதிய வகை ஃபர்ம்வேர்) முறையில். பார்ட்டிஷன் வரிசை: 1 இஎஃப்ஐ (100 எம்பி), 2 எம்எஸ்ஆர் (16 எம்பி), 3 விண்டோஸ் என்டிஎஃப்எஸ் (சரியாக 200 ஜிபி), 4 ரெகவரி, 5 உபுண்டு.

ஒரு கணக்கு மென்பொருளுக்காக மட்டும் ஒவ்வொரு முறையும் ரீபூட் செய்ய வேண்டியிருக்கிறது. அதனால் உபுண்டுவுக்குள்ளேயே ஒரு விஎம் (மெய்நிகர் கணினி) ஓட்ட, விர்ச்சுவல்பாக்ஸ் 7.0-இல் 1 முதல் 4 வரையுள்ள பார்ட்டிஷன்களை மட்டும் காட்டும் ரா விஎம்டிகே (நிஜ டிஸ்க்கைச் சுட்டும் கோப்பு) ஒன்றை உருவாக்கி, சாட்டா கன்ட்ரோலரில் மாட்டினேன். அனுமதிப் பிழை வந்ததால் என் பயனரை 'டிஸ்க்' குழுவில் சேர்த்துவிட்டேன்.

இதுவரை நடந்தது:

அ) முதலில் 'நோ பூட்டபிள் மீடியம் ஃபவுண்ட்' என்று நின்றது.
ஆ) விஎம் அமைப்பில் இஎஃப்ஐ-ஐ டிக் செய்தேன். இப்போது 'நோ சச் டிவைஸ்' என்று ஒரு நீண்ட யூயூஐடி-யைக் காட்டிவிட்டு, க்ரப் (உபுண்டுவின் பூட்லோடர்) ப்ராம்ப்ட்டில் போய் நிற்கிறது.
இ) அந்த ப்ராம்ப்ட்டிலிருந்து விண்டோஸ் பூட்லோடரைக் கையால் கூப்பிட்டால், வட்டம் சுற்றி 'இன்ஆக்சசிபிள் பூட் டிவைஸ்' நீலத்திரை.

நேரடியாக பூட் செய்தால் விண்டோஸில் ஒரு குறையும் இல்லை. எங்கே தப்பு?

பதில் 1: பூட்டுச்சாவி

தப்பு ஓரிடத்தில் இல்லை, மூன்று இடத்தில் இருக்கிறது. நீங்கள் ஒவ்வொன்றாகத் தாண்டி வந்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். மூன்றையும் ஒரே கோளாறாக நினைத்து விஎம்டிகே-வைத் திரும்பத் திரும்ப உருவாக்காதீர்கள், அது சரியாகத்தான் இருக்கிறது.

அ) விஎம் பழைய பயாஸ் முறையில் இருந்தது, டிஸ்க்கோ ஜிபிடி (யூஈஎஃப்ஐ-யோடு வரும் பார்ட்டிஷன் அட்டவணை). முதல் செக்டரில் பூட் கோட் எதுவும் இருக்காது. இஎஃப்ஐ-ஐ டிக் செய்தது சரியான மருந்து.

ஆ) விஎம்-க்கு என்று தனி என்விரேம் (ஃபர்ம்வேர் தன் பூட் பட்டியலை வைக்கும் நினைவகம்) உண்டு. நிஜ மதர்போர்டில் பதிந்திருக்கும் 'விண்டோஸ் பூட் மேனேஜர்' என்ற என்ட்ரி அதில் இருக்காது. என்ட்ரி இல்லாவிட்டால் ஃபர்ம்வேர் இஎஃப்ஐ பார்ட்டிஷனில் 'பூட்' ஃபோல்டருக்குள் இருக்கும் பொதுக் கோப்பைத்தான் எடுத்து ஓட்டும். டூயல் பூட் மெஷினில் அந்த இடத்தில் உபுண்டு தன்னுடைய ஷிம்-ஐ வைத்திருக்கும். ஷிம் க்ரப்பைக் கூப்பிடும், க்ரப் தன் மெனுவுக்காக 5-ஆம் பார்ட்டிஷனைத் தேடும். நீங்கள் அதை விஎம்-க்குக் காட்டவில்லை, அங்கே படித்தால் வெறும் பூஜ்யம்தான் வரும். திரையில் வரும் யூயூஐடி-யை உபுண்டுவில் 'எல்எஸ்பிஎல்கே -எஃப்' வெளியீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள், 5-க்கு எதிரே அதே எண் இருக்கும்.

இதற்காக இஎஃப்ஐ பார்ட்டிஷனில் எந்தக் கோப்பையும் மாற்ற வேண்டாம். விஎம் தொடங்கியதும் எஸ்கேப் கீயைத் தட்டி ஃபர்ம்வேர் மெனுவுக்குள் போங்கள். பூட் மெயின்டெனன்ஸ் மேனேஜர், அதில் பூட் ஆப்ஷன்ஸ், அதில் ஆட் பூட் ஆப்ஷன். 'இஎஃப்ஐ', 'மைக்ரோசாஃப்ட்', 'பூட்' என்று ஃபோல்டர் வழியே இறங்கி 'பூட்எம்ஜிஎஃப்டபிள்யூ' கோப்பைத் தேர்ந்து, வரிசையில் முதலாவதாக வைத்துச் சேமியுங்கள். இது விஎம்-இன் என்விரேம் கோப்பில் மட்டும் எழுதப்படும், நிஜ மெஷினுக்குத் தெரியவே தெரியாது.

இ) நீலத்திரை வருகிறது என்றால் விண்டோஸ் கர்னல் ஏறிவிட்டது. பிசிடி-யில் (விண்டோஸின் பூட் அமைப்புக் கோப்பு) குழப்பம் இருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது, 0எக்ஸ்சி000000இ போன்ற எண்ணோடு ரெகவரி திரையிலேயே நின்றிருக்கும். கர்னல் ஏறியபின் தன் டிஸ்க்கைத் தொலைத்துவிட்டது, காரணம் டிரைவர். உங்கள் விண்டோஸ் என்விஎம்இ-யில் நிறுவப்பட்டது. சாட்டாவுக்கான ஸ்டோர்ஏஎச்சிஐ டிரைவர் உள்ளே இருந்தாலும், தேவையில்லை என்று பூட் நேரப் பட்டியலிலிருந்து விண்டோஸ் அதைத் தள்ளி வைத்திருக்கும்.

நேரடியாக விண்டோஸில் பூட் செய்து ரெஜிஸ்ட்ரி எடிட்டரைத் திறங்கள். லோக்கல் மெஷின், சிஸ்டம், கரண்ட் கன்ட்ரோல் செட், சர்வீசஸ், ஸ்டோர்ஏஎச்சிஐ என்று போனால் 'ஸ்டார்ட்ஓவர்ரைட்' என்ற துணைக் கீ இருக்கும். அதற்குள் '0' என்ற பெயரில் மதிப்பு 3 என்று இருந்தால் 0 ஆக்குங்கள். (3 என்றால் கேட்டால் ஏற்று, 0 என்றால் பூட்டிலேயே ஏற்று.) ஸ்டோர்ஏஎச்சிஐ-யின் சொந்த 'ஸ்டார்ட்' மதிப்பும் 0 என்று இருக்க வேண்டும். பெரிய அப்டேட் எதுவும் ஓடினால் அதன்பிறகு ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பதில் 2: செக்டர்204800

மேலே சொன்னது எல்லாம் சரி, பூட் ஆகிவிடும். ஆனால் பூட் ஆவதோடு வேலை முடியவில்லை. இந்த அமைப்பில் டேட்டா அழிந்துபோகிற வழிகள் நாலைந்து இருக்கின்றன, முதலில் அவற்றை அடைத்துவிடுங்கள்.

ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். விண்டோஸில் அட்மின் கமாண்ட் ப்ராம்ப்ட்டில் 'பவர்சிஎஃப்ஜி /எச் ஆஃப்'. இல்லாவிட்டால் ஷட்டவுன் என்பது பாதி ஹைபர்னேட். நிஜ ஹார்ட்வேரில் உறங்கிய கர்னலை விஎம்-இல் எழுப்பப் பார்க்கும்.

பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு). 'மேனேஜ்-பிடிஇ -ஸ்டேட்டஸ்' போட்டுப் பாருங்கள். ஆன் ஆகியிருந்தால் விஎம்-இல் உங்கள் டிபிஎம் (பூட்டின் சாவியைக் காக்கும் சிப்) இல்லை, ஒவ்வொரு முறையும் 48 இலக்க ரெகவரி கீயைக் கேட்கும். அதை எழுதி வைக்காமல் இந்த வேலையில் இறங்கவே கூடாது.

'டிஸ்க்' குழுவில் பயனரைச் சேர்த்தது மோசமான யோசனை. இனி உங்கள் பெயரில் ஓடும் எந்த ப்ரோக்ராமும் உபுண்டு ரூட் பார்ட்டிஷனை சூடோ இல்லாமலே அழிக்கலாம். உடனே விலகுங்கள். தேவைப்படும் பார்ட்டிஷனுக்கு மட்டும் அனுமதி தரும் யூடெவ் (லினக்ஸின் சாதன மேலாளர்) விதி எழுதுங்கள்.

5-ஐ விஎம்-க்குக் காட்டாமல் விட்டீர்களே, அதுதான் இதுவரை உங்களைக் காப்பாற்றியது. முழு டிஸ்க்கையும் கொடுத்திருந்தால் க்ரப் மெனு அழகாக வந்திருக்கும், முதல் வரியில் உபுண்டு. பத்து விநாடி கவனிக்காமல் விட்டால், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் அதே எக்ஸ்ட்4 இரண்டாவது முறை மவுன்ட் ஆகும். அதற்குப்பின் எஃப்எஸ்சிகே ஓட்டினாலும் எது மிஞ்சும் என்று சொல்ல முடியாது.

ஸ்னாப்ஷாட் எடுக்காதீர்கள், 'சேவ் ஸ்டேட்' செய்யாதீர்கள். இடையில் ஒருமுறை நேரடியாக விண்டோஸுக்குள் போய்வந்தால் சேமித்த நிலையும் டிஸ்க்கும் வேறு வேறாகிவிடும்.

கடைசியாக, உபுண்டு 1-ஆம் பார்ட்டிஷனை '/பூட்/இஎஃப்ஐ' என்று மவுன்ட் செய்து வைத்திருக்கிறது, விஎம்-க்குள் விண்டோஸும் அதே ஃபேட் பார்ட்டிஷனில் எழுதும். எனக்கு இந்தப் பங்காளித்தனம் பிடிக்காது. விண்டோஸ் பார்ட்டிஷனை மட்டும் எடுத்து, முன்னும் பின்னும் ஒட்டுப்போட்டு ஒரு பொய் டிஸ்க் கட்டுவதே சுத்தமான வழி:

'ட்ரன்கேட்' கொண்டு இரண்டு கோப்புகள் உருவாக்குங்கள். தலை 100 எம்பி, வால் 1 எம்பி. இரண்டையும் 'லோசெட்அப் --ஃபைண்ட் --ஷோ' மூலம் லூப் (கோப்பை டிஸ்க் போலக் காட்டும் சாதனம்) ஆக்குங்கள். 'ப்ளாக்டெவ் --கெட்எஸ்இசட்' போட்டு 3-ஆம் பார்ட்டிஷனின் செக்டர் எண்ணிக்கையை எடுங்கள். சரியாக 200 ஜிபி என்றால் 419430400 வரும். பிறகு டிஎம்செட்அப்-க்கு (துண்டுகளை ஒரே டிஸ்க்காக, அதாவது மேப்பர் சாதனமாக, ஒட்டும் கருவி) இந்த மூன்று வரிகள்:

0 204800 லீனியர் /டெவ்/லூப்10 0
204800 419430400 லீனியர் /டெவ்/என்விஎம்இ0என்1பி3 0
419635200 2048 லீனியர் /டெவ்/லூப்11 0

லூப் எண்கள் உங்களிடம் வேறாக இருக்கும். உருவான மேப்பர் சாதனத்தில் பார்ட்டெட் கொண்டு ஜிபிடி லேபிள் போட்டு, முதல் பார்ட்டிஷன் 2048 முதல் 204799 வரை (இஎஸ்பி ஃப்ளாக் உடன்), இரண்டாவது 204800 முதல் 419635199 வரை. இரண்டாவதை ஃபார்மேட் செய்யக்கூடாது, அது உங்கள் உயிருள்ள விண்டோஸ்.

அந்த 1 எம்பி வால் எதற்கு என்று கேட்டு பலர் விட்டுவிடுகிறார்கள். ஜிபிடி தன் நகலை டிஸ்க்கின் கடைசி 33 செக்டர்களில் எழுதும். வால் இல்லாவிட்டால் அது விண்டோஸ் பார்ட்டிஷனின் கடைசியில் போய் விழும். என்டிஎஃப்எஸ் தன் பூட் செக்டரின் நகலை வைத்திருப்பது அங்கேதான்.

எஸ்ஜிடிஸ்க் மூலம் நிஜ 3-ஆம் பார்ட்டிஷனின் ஜியூஐடி-யையே பொய் டிஸ்க்கின் இரண்டாவதற்கும் கொடுத்துவிடுங்கள், சி டிரைவ் எழுத்து குழம்பாது.

இப்போது விண்டோஸ் ஐஎஸ்ஓ-வில் விஎம்-ஐ பூட் செய்து ஷிஃப்ட் எஃப்10. டிஸ்க்பார்ட்டில் 'லிஸ்ட் வால்யூம்' பார்த்து 99 எம்பி உள்ளதைத் தேர்ந்து, ஃபேட்32-ஆக ஃபார்மேட் செய்து 'எஸ்' என்ற எழுத்தைக் கொடுங்கள். வெளியே வந்து 'பிசிடிபூட் சி:\விண்டோஸ் /எஸ் எஸ்: /எஃப் யூஈஎஃப்ஐ'. அங்கே விண்டோஸ் இருப்பது சி-தானா என்று ஒருதரம் பார்த்துவிட்டு அடியுங்கள்.

நிஜ மெஷினுக்கு ஒரு பிசிடி, விஎம்-க்கு ஒரு பிசிடி. ஒன்றை ஒன்று தொடாது. க்ரப் இந்தப் பக்கமே வராது. டிஸ்க்கை விர்ட்-மேனேஜரில் (இன்னொரு விஎம் மென்பொருள்) கொடுப்பதானால் பஸ் சாட்டா, கேஷ் 'நன்'. விர்ட்டியோ (விஎம்-க்கென்றே உள்ள வேகமான டிஸ்க் முறை) வேண்டுமானால், முதலில் 1 ஜிபி-யில் ஒரு வெற்று விர்ட்டியோ டிஸ்க்கைக் கூடுதலாக மாட்டி, உள்ளே விஐஓஸ்டோர் டிரைவரை நிறுவிவிட்டு, பிறகே பெரிய டிஸ்க்கை மாற்றுங்கள். நேராக மாற்றினால் அதே நீலத்திரைதான்.

பதில் 3: டிஸ்க்மூட்டை

ஒரு கணக்கு மென்பொருளுக்கு இவ்ளோ தேவையா ப்ரோ? இரண்டு பக்கமும் ஒரே டேட்டா வேணும்னாதான் பார்ட்டிஷனை நேரா கொடுக்கணும். இல்லைன்னா விண்டோஸ் ஓடிட்டிருக்கும்போதே சிஸ்இன்டர்னல்ஸ் டிஸ்க்2விஎச்டி வச்சு ஒரு விஎச்டிஎக்ஸ் எடுத்து, க்யூஇஎம்யூ-இமேஜ் போட்டு க்யூகவ்2 ஆக்கிடுங்க. ஸ்னாப்ஷாட்டும் கிடைக்கும். இரண்டு வழியிலும் விண்டோஸ் ஆக்டிவேஷன் விஎம்-க்குள்ள வராது, அதுக்கு லைசன்ஸ் தனி.

கேட்டவர்: வடக்குவீதி

ஸ்டார்ட்ஓவர்ரைட்டில் 3 இருந்தது, 0 ஆக்கினேன், பழைய விஎம்டிகே-வில் விண்டோஸ் வந்துவிட்டது. நன்றி. டிஸ்க் குழுவிலிருந்தும் விலகிவிட்டேன். ஒரே டேட்டா இரண்டு பக்கமும் வேண்டும் என்பதால் பொய் டிஸ்க் வழிக்கு மாறினேன், அதுவும் ஓடியது. உபுண்டுவை ரீபூட் செய்தபின் அதே மூன்று வரிகளைக் கொடுத்தால் டிஎம்செட்அப் 'டிவைஸ் ஆர் ரிசோர்ஸ் பிசி' என்கிறது.

பதில் 4: செக்டர்204800

3-ஐ ஏதோ பிடித்து வைத்திருக்கிறது. பெரும்பாலும் ஃபைல் மேனேஜரில் அந்த டிரைவைக் கிளிக் செய்திருப்பீர்கள், அல்லது எஃப்எஸ்டேபில் (பூட்டில் தானாக மவுன்ட் ஆக வேண்டியவற்றின் பட்டியல்) பழைய வரி இருக்கும். 'ஃபைண்ட்எம்என்டி' பார்த்து அன்மவுன்ட் செய்யுங்கள், எஃப்எஸ்டேப் வரியில் 'நோஆட்டோ' போடுங்கள். இந்தப் பிழையை வழி சுற்றித் தாண்டாதீர்கள். மேப்பர் உருவாகிவிட்டால் உபுண்டு 3-ஐ மவுன்ட் செய்ய முடியாது, மவுன்ட் ஆகியிருந்தால் மேப்பர் உருவாகாது. விஎம்டிகே-வில் இந்தக் காவல் உங்களுக்கு இல்லை.

ரீபூட்டுக்குப்பின் லூப் எண்ணும் மாறியிருக்கலாம். 10, 11 என்று கையால் எழுதாமல், லோசெட்அப் திருப்பித் தரும் பெயரை வேரியபிளில் வாங்கி டேபிளில் போடும்படி ஸ்கிரிப்ட் எழுதிக்கொள்ளுங்கள். ஸ்னாப் பேக்கேஜ்கள் உபுண்டுவில் லூப்களை அள்ளிக்கொண்டு போகும், நேற்றைய 10 இன்று யாருடையதோ.