புள்ளியியல் மாணவர் சுகாதாரக் கட்டமைப்பை மைனராக எடுக்கலாமா?

மடிப்பாக்கம் மாணவன்:
வணக்கம். சென்னையில் ஒரு தன்னாட்சிக் கல்லூரியில் பி.எஸ்சி. புள்ளியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அடுத்த பருவத்துக்குள் முதன்மைப் பாடத்தோடு துணையாகப் படிக்கும் மைனர் பாடம் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தரவு அறிவியல், நிதி மேலாண்மை ஆகியவற்றுடன் இவ்வாண்டு ‘சுகாதாரக் கட்டமைப்பு’ (மருத்துவ சேவையை மக்களிடம் கொண்டு சேர்க்கும் ஏற்பாடுகள் பற்றியது) என்ற ஒன்றையும் சேர்த்திருக்கிறார்கள். பொருளியல், சமூகவியல், பொது நிர்வாகம், நோய்ப்பரவலியல் ஆகிய நான்கு துறைகளின் ஆசிரியர்கள் நடத்துவார்களாம். இறுதியில் களப்பணியும் உண்டு. எனக்கு ஆர்வம் இருக்கிறது. ஆனால், “டாக்டருக்குப் படிக்காதவனுக்கு ஆஸ்பத்திரிப் பாடம் எதற்கு?” என்று அப்பா கேட்கிறார். மருத்துவம் படிக்காதவருக்கு இதில் என்ன வேலை இருக்கிறது என்பதை அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பொருளியல் ஆசிரியை:
உங்கள் அப்பாவின் கேள்விக்குச் சென்னையிலேயே பழைய பதில் ஒன்று இருக்கிறது. 1956-இல் இங்கே காசநோய் மருந்தாய்வு மையம் தொடங்கப்பட்டது. சேத்துப்பட்டில் உள்ள இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான். காசநோயாளியைச் சானடோரியம் எனப்படும் தனி மருத்துவமனையில் மாதக்கணக்கில் படுக்க வைத்து, நல்ல உணவும் ஓய்வும் கொடுத்தால்தான் குணமாகும் என்பது அக்காலத்து நம்பிக்கை. (தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்தின் பெயர் அக்காலத்தின் மிச்சம்.) நகரின் ஏழை நோயாளிகளைச் சமவாய்ப்பு முறையில் (குலுக்கல் போல) இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு வீட்டிலும் மற்றதற்குச் சானடோரியத்திலும் ஓராண்டுக்கு ஒரே மருந்துகளைக் கொடுத்தார்கள். நெரிசலான வீட்டில், குறைந்த உணவோடு, வேலையையும் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு ஏறக்குறைய இணையாகவே குணமடைந்தார்கள் என்று 1959-இல் வெளியான முடிவு காட்டியது. வீட்டில் உடனிருந்தவர்களுக்குத் தொற்று கூடுதலாகப் பரவவில்லை என்பதும் தெரிந்தது.

அந்த முடிவு புதிய மருந்து எதையும் தரவில்லை. சிகிச்சையை எங்கே, யார், எந்தச் செலவில் கொடுப்பது என்பதைத்தான் மாற்றியது. மாத்திரையை வீட்டில் உண்மையாகவே விழுங்குகிறாரா என்று அறிய, முன்னறிவிப்பின்றி வீட்டுக்குச் சென்று சிறுநீர் மாதிரி வாங்கிச் சோதித்தார்கள். கூலியை விட்டுவிட்டு மருந்து வாங்க வருபவரின் இழப்பு பொருளியலுக்கும், நோயை அக்கம்பக்கத்தாரிடம் மறைக்க வேண்டிய நிலை சமூகவியலுக்கும் உரிய கேள்விகள். இரு குழுக்களையும் நியாயமாக ஒப்பிட்டது உங்கள் துறை. இதில் மருத்துவர் தனித்து நின்றிருந்தால் அரைக்கிணறுகூடத் தாண்டியிருக்க முடியாது.

ஓய்வுபெற்ற மருந்தாளுநர்:
தம்பி, ஆசிரியை சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-இல் அமைக்கப்பட்டது. அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துகளை அது மொத்தமாக வாங்கி, மாவட்டக் கிடங்குகளில் வைத்து வழங்குகிறது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் ஒரு பாஸ்புக் என்ற ஏற்பாடு அதில் வந்தது. அதில் அந்த நிலையத்துக்கான ஒதுக்கீடு ரூபாயாக இருக்கும். எடுத்த மருந்தின் மதிப்பு கழிந்துகொண்டே வரும். தமக்கு எது தேவையோ அதை அந்தந்த நிலையமே கேட்டு எடுக்கலாம் என்பதால், மேலே இருப்பவர் அனுப்பியதை வாங்கி அடுக்கிவைத்துக் காலாவதியாக்கும் வழக்கம் குறைந்தது.

இனி உங்கள் பாடத்துக்கு வாருங்கள். மழைக்காலத்தில் காய்ச்சல் மாத்திரை எவ்வளவு போகும்? கிடங்குக்கு வந்த சரக்கில் எத்தனை மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பினால் தரத்தை நம்பலாம்? ஒரு நிலையத்தில் சர்க்கரை நோய் மாத்திரை திடீரென்று குறைவாகப் போகிறதென்றால் நோயாளி குறைந்தாரா, வருவதை நிறுத்திவிட்டாரா? இரண்டுக்கும் பதிவேட்டில் எண் ஒன்றுதான். இவற்றைக் கேட்கத் தெரிந்த புள்ளியியலாளர் எங்களுக்கு அரிதாகத்தான் கிடைத்தார்.

கிண்டி பொறியாளர்:
மாற்றுக் கருத்தாகச் சிலவற்றைச் சொல்கிறேன். மைனர் என்பது சிறிய பாடம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறைப்படி பொறியியல் மாணவருக்கு அது கூடுதலாக 18 கிரெடிட்தான்; அதைக் காட்டி எந்த நிறுவனமும் வேலை கொடுக்காது. நான்கு துறை ஆசிரியர்கள் நான்கு திசையில் இழுத்தால் மாணவர் நான்கு முன்னுரைகளோடு வெளியே வருவார். ஆகவே பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வகுத்த, சுகாதாரக் கட்டமைப்பின் ஆறு கூறுகளான சேவை, பணியாளர், தகவல், மருந்து, நிதி, நிர்வாகம் ஆகியவற்றை மனப்பாடம் செய்து எழுதுவதோடு தாள் முடிந்துவிடுமானால், தாராளமாகத் தரவு அறிவியலுக்குப் போங்கள். களப்பணிக்கு எந்த நிலையத்தோடு எழுத்துப்பூர்வ ஒப்புதல் இருக்கிறது என்பதையும் கேளுங்கள். அரசு நிலையங்களில் அனுமதி வாங்குவதிலேயே பருவம் ஓடிவிடும்.

பொருளியல் ஆசிரியை:
இந்த எச்சரிக்கை முழுவதும் நியாயமானது. நான் கூடுதலாகப் பார்க்கச் சொல்வது நிதித் தாளை. இந்தியாவின் மொத்தச் சுகாதாரச் செலவில் மக்கள் நேரடியாகக் கையிலிருந்து கொடுக்கும் பங்கு 2014-15-இல் 62.6 விழுக்காடாக இருந்தது 2021-22-இல் 39.4 விழுக்காடாகக் குறைந்தது என்று தேசிய சுகாதாரக் கணக்குகள் கூறுகின்றன. அந்த எண் எந்த ஆய்விலிருந்து எப்படிக் கணிக்கப்பட்டது, அரசு செலவு கூடியதால் எவ்வளவு, செலவுக்கு அஞ்சி மருத்துவமனைக்கே போகாதவர் அதில் எங்கே இருக்கிறார் என்று வகுப்பில் விவாதிப்பார்களானால் அது எடுக்கத் தகுந்த பாடம். மேற்படிப்பு எண்ணம் இருந்தால், அயப்பாக்கத்தில் உள்ள தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனத்தின் பொது சுகாதார முதுகலைப் படிப்புக்கு யாருக்கெல்லாம் தகுதி உண்டு என்பதை இப்போதே அவர்களது அறிவிப்பில் பார்த்துவிடுங்கள். மருத்துவப் பட்டம் கேட்கும் இடங்களும் உண்டு, கேட்காத இடங்களும் உண்டு.

மடிப்பாக்கம் மாணவன்:
மூவருக்கும் நன்றி. திங்கட்கிழமை துறைத் தலைவரிடம் பாடத்திட்டத்தையும் களப்பணி ஒப்புதலையும் கேட்கிறேன். தரவு அறிவியல் தாள்கள் இரண்டை விருப்பப் பாடமாகத் தனியே எடுக்க முடியுமா என்பதையும் அப்போதே விசாரித்துக்கொள்கிறேன்.