"செத்தா எங்க போவீங்க?"ன்னு உங்ககிட்ட யாராச்சும் கேட்டிருக்காங்களா? அனுபவத்தைச் சொல்லுங்க

எனக்கு கடவுள் நம்பிக்கை இல்ல. யார்கூடவும் சண்டை போட்டு விட்டதில்ல, படிச்சு முடிக்கிறதுக்குள்ள அதுவா கழண்டு போச்சு. இதை வெளிய சொன்னா பாதிப் பேர் சண்டைக்கு வருவாங்க, மீதிப் பேர் நம்மள நெனச்சு வருத்தப்படுவாங்க. என்கூட வேலை பார்த்த ஒரு சீனியர் ரெண்டாவது ரகம். ஒருநாள் ஆபீஸ்ல எல்லாரும் கெளம்பின அப்புறம் சேரை இழுத்துப் போட்டு உக்காந்து, "தம்பி, இன்னைக்கு ராத்திரி தூக்கத்துலயே போயிட்டீங்கன்னா எங்க போவீங்க? சொர்க்கமா நரகமா, இப்பவே ஒண்ணை சூஸ் பண்ணுங்க"ன்னார். கண்ணு கலங்கியிருந்துச்சு, அதனால கிண்டல் பண்ண மனசு வரல.

பழைய பிரிண்ட் அவுட் பின்னாடி நாலு கட்டம் போட்டார். நம்பி, கடவுளும் இருந்தா சொர்க்கம். நம்பி, கடவுள் இல்லேன்னா பெருசா நஷ்டமில்ல. நம்பாம இருந்து கடவுள் இருந்துட்டா, அந்தக் கட்டத்தை மட்டும் பேனாவால நாலஞ்சு தடவை அழுத்தி அழுத்திக் கருப்பாக்கினார் பாருங்க, பேப்பரே கிழிஞ்சு போச்சு.

இது பாஸ்கல் போட்ட கணக்குதான், நிகழ்தகவுக்கு அடித்தளம் போட்டவங்கள்ல ஒருத்தர், 1662-ல செத்துட்டார், குறிப்பெல்லாம் 1670-லதான் புத்தகமா வந்துச்சு. நான் கேட்டேன், "சார், இந்த மேஜை மேல ஒரு யானை நிக்குதுன்னு ஒரே ஒரு நிமிஷம் நெசமா நம்பிக் காட்டுங்க, என் ஒரு மாச சம்பளத்தைத் தர்றேன்." மனுஷன் நேர்மையானவர், நெசமாவே மேஜையை உத்துப் பார்த்தார், அப்புறம் சிரிச்சுட்டார். லாபம் வருதுன்னா தலையாட்டலாம், கையெழுத்து போடலாம், நம்ப முடியுமா? பாஸ்கலுக்கும் இந்தச் சிக்கல் தெரியும், அதான் நம்புறவங்க செய்றதையெல்லாம் நீயும் செய், நாளாவட்டத்துல நம்பிக்கை தானா வரும்னு எழுதி வச்சார். நம்ம சாரும் அதையேதான் சொன்னார், "சும்மா வந்து உக்காருங்க தம்பி, மத்தது பின்னால வரும்." நான் போகல.

கட்டமும் நாலோட நிக்காது, அது வேற விஷயம். இதே வாதத்தை ஒரு இமாமும் வைக்கலாமேன்னு பதினெட்டாம் நூற்றாண்டு பிரெஞ்சு எழுத்தாளர் தீதரோ கேட்டுட்டார். ஆனா எனக்கு அதைவிட உறுத்தினது அந்த லாபக் கணக்குதான். இங்க செஞ்சா அங்க கிடைக்கும்னு அறம் செய்றவனை 'அறவிலை வணிகன்'னு புறநானூறு சொல்லுது, ஆய் அண்டிரன் அப்படிப்பட்ட ஆள் இல்லேன்னு முடமோசியார் பாடின பாட்டு. எந்தக் கடவுளா இருந்தாலும் இப்படி கணக்கு பார்த்து வர்றவனை உள்ள விடுவாரா என்ன?

உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்க. மதச் சண்டை வேண்டாம் ப்ளீஸ்.

பதில்

நான் நம்புறவ, அதை முதல்லயே சொல்லிடுறேன். தம்பி நம்பாதவன். எங்க ஜெபக்குழுவுல ஒரு அக்கா "உன் தம்பிக்கு நரகம்தான், அழுது ஜெபம் பண்ணு"ன்னாங்க. சரிக்கா, அவன் அங்க எரியும்போது நான் இங்க சந்தோஷமா இருப்பேனான்னு கேட்டேன். அங்க போனா அதெல்லாம் மறந்துடும்னாங்க. அதுதாங்க எனக்கு தூக்கிவாரிப் போட்டுச்சு, தம்பியை மறந்துதான் சந்தோஷமா இருக்கணும்னா அங்க போறது நான்தானா?

ராட்பாட்னு ஒரு ஃப்ரீசிய ராஜா (இப்ப நெதர்லாந்து இருக்கற பக்கம்), 719-ல செத்தவர். ஞானஸ்நானத் தொட்டில ஒரு கால் வச்ச அப்புறம் என் முன்னோரெல்லாம் எங்கன்னு கேட்டாராம், நரகத்துலன்னதும் காலை எடுத்துட்டாராம், நானும் அங்கயே போறேன்னு. கதையா இருக்கலாம். மகாபாரதத்துல தர்மரும் சொர்க்கத்துல துரியோதனன் ஜம்முனு உக்காந்திருக்கறதையும் தம்பிகளோட குரல் நரகத்துல கேக்குறதையும் பார்த்துட்டு, நான் இங்கயே இருக்கேன், நீ போன்னு தேவதூதனை அனுப்பிடுறார். நம்பாதவங்க மட்டும்தான் இப்படிப் பேசுவாங்கன்னு நெனைக்காதீங்க. குழுவுக்கு இன்னும் போறேன், அந்த அக்கா பக்கத்துலதான் உக்காருறேன்.

பதில்

எனக்கு யாரும் சூஸ் பண்ண சான்ஸே குடுக்கல ப்ரோ. சின்ன வயசுல நரகப் படம் ஒண்ணு காமிச்சாங்க, எண்ணெய்க் கொப்பரை, அதுல ஒரு ஆளு கையை மட்டும் வெளிய நீட்டிட்டு இருப்பான். நம்பிக்கை எப்பவோ போயிடுச்சு, ஆனா காய்ச்சல் வந்து ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வந்தா அந்தக் கை வருது. தலைக்கு தெரியுது, வயித்துக்கு தெரியல. சொர்க்கத்தோட படமும் காமிச்சாங்கதான், அது சுத்தமா ஞாபகத்துல இல்ல. இது எனக்கு மட்டும்தானா?

பதில்

மேல உள்ளவருக்கு: இல்ல, எனக்கும். எனக்கு வர்றது புழு.

பதில்

ராட்பாட் மாதிரியே இன்னொருத்தர், ஹாட்டுவேய். 1512-ல கியூபாவுல ஸ்பானியர்கள் எரிச்சுக் கொன்ன பூர்வகுடித் தலைவர். கட்டையில கட்டின அப்புறம் மதம் மாறினா சொர்க்கம்னு பாதிரியார் சொல்ல, அங்க ஸ்பானியர்களும் இருப்பாங்களான்னு கேட்டிருக்கார். நல்லவங்க இருப்பாங்கன்னதும், அப்ப எனக்கு நரகமே போதும்னுட்டார். இதை நான் ஒரு விவாதத்துல சொன்னேன், மதத்தோட லட்சணம் பாருங்கன்னு. எதிர்ல இருந்த ஃபாதர் அசரல. "அதை எழுதி வச்சது யார்? லாஸ் காசாஸ், அவரும் பாதிரியார்தான். ஸ்பானியர் பண்ண கொடுமையை ஊருக்கெல்லாம் சொன்னவரு. அவர் எழுதலேன்னா உங்களுக்கு இந்தப் பேரே தெரிஞ்சிருக்காது"ன்னார். அதுக்கு பதில் இன்னும் யோசிச்சுட்டு இருக்கேன், யாருக்காச்சும் தோணினா போடுங்க.