கலைச்சொல்: டி-சட்டையில் வரும் 'கேமோ' அச்சுக்கு (ராணுவச் சீருடை போன்ற திட்டு வடிவம்) தமிழில் என்ன?

> 'உருமறைப்பு' என்று முன்பே முடிவான சொல் இருக்கிறதே, அதையே சட்டைக்கும் வைத்துக்கொண்டால் என்ன?

ராணுவத்துக்கு அது நல்ல சொல்தான் ஐயா. பிரெஞ்சுப் படை 1915இல் ஓவியர்களைச் சேர்த்து இதற்கென்றே ஒரு பிரிவு வைத்தது. பீரங்கிக்கு வண்ணம் பூசினார்கள், வலை போர்த்தினார்கள், போலி மரம் செய்து அதற்குள் ஆளை உட்கார வைத்தார்கள். எல்லாமே உருமறைப்பு. அதாவது அது ஒரு செயல். நாம் பெயர் தேடுவது துணியில் விழும் ஒரு வடிவத்துக்கு.

டோக்கியோவின் ஹராஜுகுவில் 1993இல் ஆடை வடிவமைப்பாளர் நிகோ தொடங்கிய 'எ பேதிங் ஏப்' நிறுவனத்தின் சட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். தள்ளி நின்றால் வழக்கமான பச்சை, பழுப்புத் திட்டுகள். கிட்டே போனால் அதில் ஒரு திட்டு குரங்குத் தலை! அதைப் போட்டவர் எங்கே மறையப் போகிறார்? நாலு பேர் திரும்பிப் பார்க்கத்தானே போடுகிறார். அதனால் என் பரிந்துரை 'திட்டுக்கோலம்'.

> கோலம் என்றால் வாசல் கோலம்தான் நினைவுக்கு வரும்.

வரட்டுமே. மணக்கோலம், தவக்கோலம், மாறுகோலம் எல்லாம் புழக்கத்தில் உள்ளவைதானே? மாறுகோலத்தில் ஒளிந்துகொள்ளும் பொருளும் இருப்பதால் பழைய தொடர்பும் அறுந்துபோகாது.

> சரி, கருப்பு மேல் கருப்பாக வரும் வகைக்கு? 'கருந்திட்டு' எனலாமா?

வேண்டாம், முகப்பூச்சு விளம்பரம் மாதிரி இருக்கிறது. இந்த வகை எப்படி உருவாகிறது என்று பார்த்தால் சொல் தானே கிடைக்கும். அமெரிக்கப் படை 1981இல் எடுத்துக்கொண்ட 'வுட்லேண்ட்' வடிவத்தில் பச்சை, பழுப்பு, மணல், கருப்பு என நான்கு நிறம். தெருப் பாணிச் சட்டைக்காரர்கள் திட்டுகளின் வடிவத்தை மட்டும் வைத்துக்கொண்டு நிறங்களைக் கரி, சாம்பல் என்று இறக்கிவிடுகிறார்கள். மங்கலான கருப்புத் துணியில் பளபளப்பான கருப்பு மை அடித்தால், வெளிச்சம் சாய்ந்து விழும்போதுதான் திட்டு கண்ணில் படும். அப்புறம் 'டிஸ்சார்ஜ்' முறை ஒன்று உண்டு. பசையை அச்சடித்துச் சூடேற்றினால் அந்த இடத்தில் மட்டும் சாயம் போய்விடும். கருப்பு முழுதாக வெளுக்காது, பெரும்பாலும் மங்கிய பழுப்பிலோ சாம்பலிலோ நின்றுவிடும். மேலே மைப்படலம் இல்லாததால் தடவினால் வெறும் துணிதான் கையில் படும். இரண்டிலுமே கண்ணுக்குத் தெரிவது நிழல் மாதிரி ஒன்று.

ஆகவே 'நிழல்' வேண்டும். ஆனால் நிழலோடு திட்டைச் சேர்த்தால் இலக்கணப்படி 'நிழற்றிட்டு' ஆகிவிடும், கடைக்காரர் நம்மை அடிக்க வருவார். 'நிழற்கோலம்' வாயில் எளிதாக வருகிறது.

இன்னொன்று. இந்தியத் தரைப்படை 2022இல் கொண்டுவந்த புதிய போர்ச்சீருடையின் வடிவம் பதிவு பெற்றது, கண்டவர்கள் அச்சடித்து விற்க முடியாது. விற்பனைக் குறிப்பில் 'உருமறைப்பு' என்று போட்டால் ராணுவத் துணியோ என்ற குழப்பம் வரும். அதற்காகவும் தனிச்சொல் தேவை.

மறுப்பு இருந்தால் சொல்லுங்கள். இல்லையென்றால் பொது வகைக்குத் திட்டுக்கோலம், கருப்பு வகைக்கு நிழற்கோலம், செயலுக்கு வழக்கம்போல் உருமறைப்பு என்று பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.