நவீன பேகன் சடங்குகளை நேரில் பார்த்தவர்கள் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

நானே தொடங்கி வைக்கிறேன். இங்கிலாந்தில் ஸ்விண்டன் பக்கம் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன். கூட வேலை பார்க்கும் ஒரு மூத்த நர்ஸ் பேகன் சமயத்தைச் சேர்ந்தவர், அதாவது கிறிஸ்தவத்துக்கு முந்தைய ஐரோப்பிய வழிபாடுகளை இன்று புதுப்பித்துக் கடைப்பிடிப்பவர். போன ஜூனில், ஆண்டின் மிக நீண்ட பகலை ஒட்டி, "சும்மா வந்து பாரேன்" என்று ஏவ்பரிக்குக் கூட்டிப் போனார்.

ஸ்டோன்ஹெஞ்சை எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஏவ்பரி கல்வட்டம் பரப்பில் அதைவிடப் பல மடங்கு பெரியது. வட்டத்துக்குள்ளேயே ஓர் ஊர், வண்டி போகிற சாலை, ஒரு பப் எல்லாம் இருக்கின்றன. கற்களைச் சுற்றி வேலி இல்லை. ஆடுகள் மேய்கின்றன, நாம் போய்த் தொடலாம்.

முப்பது நாற்பது பேர் கைகோத்து வட்டமாக நின்றோம். சிலர் வெள்ளை அங்கி, பலர் ஜீன்ஸ். கிழக்கே திரும்பிக் காற்றை அழைத்தார்கள், தெற்கே நெருப்பு, மேற்கே நீர், வடக்கே மண். வடக்கு முறை வந்தபோது ஒரு சிறுமி இரண்டு கையிலும் மண்ணை அள்ளிக்கொண்டு வட்டத்தைச் சுற்றி நடந்தாள். பிறகு ரொட்டியும், தேனைப் புளிக்கவைத்துச் செய்யும் மீட் என்ற மதுவும் கைமாறி வந்தன. வாயில் வைக்குமுன் ஒவ்வொருவரும் ரொட்டியில் ஒரு துணுக்கைக் கிள்ளிப் புல்லில் போட்டார்கள், மதுவில் சில சொட்டுகளை மண்ணில் விட்டார்கள். யாரும் சொல்லித்தராமலேயே என் கையும் அதைச் செய்தது. கிழக்குப் பக்கம் வேர்கள் வெளியே பின்னிக் கிடக்கும் பீச் மரங்கள் இருக்கின்றன. கிளையெல்லாம் வேண்டுதல் ரிப்பன்கள். நம் ஊர்க் கோயில் மரத்தில் தொட்டில் கட்டியிருப்பது போலவே இருந்தது.

"இதெல்லாம் ஐயாயிரம் வருஷப் பழக்கமா?" என்று கேட்டேன். அவர் கொஞ்சமும் தயங்கவில்லை. "கல் அவ்வளவு பழசு. சடங்கு என் பாட்டி காலத்தது" என்றார். எனக்கு இந்தச் சமயத்தின் மேல் மரியாதை வந்தது அந்தப் பதிலால்தான்.

அப்புறம் உட்கார்ந்து படித்தேன். இந்தக் கற்களை நிறுத்தியவர்களுக்கும், பழைய கெல்ட் மக்களின் பூசாரிகளான ட்ரூயிட்களுக்கும் நடுவே ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டு இடைவெளி. இரண்டையும் முடிச்சுப் போட்டவர்கள் 17, 18-ஆம் நூற்றாண்டுப் பழம்பொருள் ஆர்வலர்களான ஜான் ஆப்ரியும் வில்லியம் ஸ்டக்லியும். பேகன் சமயத்தில் விக்கா என்ற சூனிய வழிபாட்டுக் கிளையை வெளியுலகுக்குக் கொண்டுவந்தவர் ஜெரால்ட் கார்ட்னர். 1900-இல், பதினாறு வயதில், இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தவர், பிறகு மலாயாவில் சுங்க அதிகாரி. ஓய்வுபெற்று ஊர் திரும்பியபின், 1939-இல் நியூ ஃபாரஸ்ட் பகுதியில் ஒரு சூனியக்காரர் குழு தன்னைச் சேர்த்துக்கொண்டதாகச் சொன்னார். 1735-இன் சூனியச் சட்டம் 1951-இல் நீங்கிய பிறகு, 1954-இல் இந்தச் சூனிய வழிபாட்டைப் பற்றிப் புத்தகம் எழுதினார். வேட்டையாடப்பட்ட சூனியக்காரிகள் கிறிஸ்தவத்துக்கு முந்தைய மதத்தைக் காத்தவர்கள் என்ற மார்கரெட் மரேயின் கருத்தை அவர் நம்பினார். வரலாற்றாசிரியர்கள் இன்று அதை ஏற்பதில்லை. விக்கா வழிபாட்டு வாசகங்களில் பெரும்பகுதியைத் திருத்தி அழகாக்கியவர் டோரீன் வாலியன்ட் என்ற பெண். அவரை இன்னும் நிறைய பேர் அறிய வேண்டும். 2021 கணக்கெடுப்பில் இங்கிலாந்து, வேல்ஸில் சுமார் 74,000 பேர் தம்மைப் பேகன் என்று பதிந்திருக்கிறார்கள்.

—

மறுமொழி 1

லிதுவேனியாவில், கௌனாஸில் மருத்துவம் படிக்கிறேன். இங்கே கதையே வேறு அக்கா. ஐரோப்பாவில் கடைசியாக, 1387-இல்தான் கிறிஸ்தவத்துக்கு மாறிய அரசு இது. நாட்டுப்பாட்டிலும் நெசவிலும் பழசு நிறைய தங்கிவிட்டது.

வகுப்புத் தோழி ஒருத்தி ஜூன் 23 இரவு கெர்னவே கோட்டை மேடுகளுக்குக் கூட்டிப் போனாள். ரசோஸ் என்ற கோடை நடு விழா. பெண்கள் தலையில் பூவளையம், ஆண்களுக்கு ஓக் இலை. நெருப்பைச் சுற்றி நின்று பல குரலில் பாடுகிறார்கள். ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுவதில் உடம்பு சிலிர்த்துவிட்டது. பூவளையத்தில் மெழுகுவர்த்தி ஏற்றி ஆற்றில் விடுகிறார்கள்.

1967-இல் சோவியத் ஆட்சிக்குள்ளேயே யோனாஸ் திரிங்கூனாஸும் நண்பர்களும் இதே இடத்தில் ரசோஸ் நடத்தினார்கள். அவர் பல்கலைக்கழக வேலையையே இழந்தார். சுதந்திரம் வந்த பிறகும் அவருடைய ரோமுவா என்ற பேகன் சமய அமைப்புக்கு அரசு அங்கீகாரம் தர நாடாளுமன்றம் மறுத்தது. 2021-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அது தவறு என்று தீர்ப்பளித்து, 2024 டிசம்பரில்தான் அங்கீகாரம் கிடைத்தது. அவர் 2014-லேயே இறந்துவிட்டார். இன்று தலைமைப் பூசாரி அவர் மனைவி இனியா. எவ்வளவு பெரிய பொறுமை இது!

—

மறுமொழி 2

ஐஸ்லாந்தில், ரெய்க்யவிக்கில் ஐடி வேலை. உண்மையைச் சொன்னால் இங்குள்ள பேகன் சடங்குக்குப் போகப் பயந்தேன். பழைய வடநாட்டுக் கடவுள் தோரின் சுத்தியலையும் அந்தக் கால ரூன் எழுத்தையும் வெள்ளை இனவெறிக் கும்பல்கள் சின்னமாக வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். கறுத்த தோலோடு அங்கே போய் நிற்பதா என்ற யோசனை.

போன பிறகு அந்தப் பயம் போய்விட்டது. பழைய பொதுச்சபை கூடிய திங்வெட்லிரில் கோடைச் சடங்கு, எல்லோருக்கும் திறந்தது. எட்டா என்ற பழைய ஐஸ்லாந்துப் பாடல் தொகுப்பின் வரிகளை ஓதினார்கள், கொம்புக் கோப்பை என் கைக்கும் வந்தது. பக்கத்தில் நின்ற பெரியவர், என்ன சொல்லி உயர்த்த வேண்டும் என்று மெதுவாகச் சொல்லிக் கொடுத்தார். நான் என் அப்பத்தா பெயரைச் சொன்னேன்.

கி.பி. 1000-ஐ ஒட்டி ஐஸ்லாந்து கிறிஸ்தவத்தை ஏற்றதும் இதே இடத்தில்தான். முடிவு சொன்ன சபைத் தலைவர் தோர்கெய்ர் தானே பழைய மதத்தவர். ஒரு பகல் ஓர் இரவு போர்வைக்குள் படுத்து யோசித்தாராம். 1972-இல் ஆடு வளர்த்த கவிஞர் ஸ்வெய்ன்பியோர்ன் பெய்ன்டெய்ன்ஸன் முதலானோர் பழைய வடநாட்டுக் கடவுள்களை வழிபடும் ஆசாத்ரூ சங்கத்தைத் தொடங்க, அடுத்த ஆண்டே அரசு ஏற்றது. அவர்கள் நடத்தும் திருமணம் சட்டப்படி செல்லும். இனவெறிக் கும்பல்களோடு தொடர்பில்லை என்று சங்கம் வெளிப்படையாகவே சொல்கிறது. ஒருபாலினத் திருமணத்தை ஆதரித்ததற்காக வெளிநாட்டிலிருந்து வசவுக் கடிதங்கள் வந்தும் அவர்கள் மாறவில்லை.

—

தொடங்கியவர்

தம்பி, அப்பத்தா பெயரைப் படித்ததும் கண் கலங்கிவிட்டது. தனிச்செய்தியில் சிலர் "நாங்களும் போகலாமா?" என்று கேட்டிருக்கிறார்கள். பொது இடத்தில் நடப்பவை பெரும்பாலும் எல்லோருக்கும் திறந்தவை. விக்கா குழுக்களின் தீட்சைச் சடங்கு மட்டும் அந்தக் குழுவைச் சேர்ந்தவர்களுக்கானது. படம் எடுக்குமுன் கேளுங்கள். கல்மேல் ஏறாதீர்கள். ரிப்பன் கட்டுவதென்றால் பருத்தித் துணியாக இருக்கட்டும், நைலான் மரத்தை இறுக்கிவிடும். மது வேண்டாம் என்றால் கோப்பையை உயர்த்திவிட்டு அடுத்தவருக்குக் கொடுத்துவிடலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். சரி, அடுத்து யார்?