ரெண்டு வரி மெயிலுக்கு 6 கேபி கையெழுத்து தேவையா?

வெண்ணாற்றுக்காரன்:
எங்க உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்துக்குக் கணக்குப் பாக்குற ஆடிட்டர் ஆபீஸ், எல்லா மெயிலையும் டிஜிட்டல் கையெழுத்தோட அனுப்ப ஆரம்பிச்சிருக்கு. "ரசீது கிடைத்தது, நன்றி." மெயில் அவ்வளவுதான். மெயிலோட மூல வடிவத்தை (ஒரிஜினல்) திறந்து பாத்தா அதுக்குக் கீழ 80 வரிக்கு மேல "எம்ஐஐ"ன்னு தொடங்குற கிறுக்கல். சொன்னது மூணு வார்த்தை, கையெழுத்து 6 கேபி. இது வீண்தானே?

குடந்தை டோக்கன்:
சார், அந்த 6 கேபி முழுசும் கையெழுத்து இல்ல. வழக்கமான ஆர்எஸ்ஏ முறையில 2048 பிட் சாவியால போட்ட கையெழுத்து வெறும் 256 பைட். மிச்சமெல்லாம், கையெழுத்துப் போட்டவர் யாருன்னு காட்டுற அவரோட சான்றிதழும், அதுக்குச் சான்று கொடுத்த நிறுவனத்தோட சான்றிதழும். கூடவே அனுப்புறதாலதான், முன்பின் தெரியாத ஆளும் வாங்கின உடனே சரிபாக்க முடியுது. ரெண்டு வரி மெயிலோ 10 எம்பி பேலன்ஸ் ஷீட்டோ, இந்தச் சுமை மாறாது. அதே ஆபீஸ் மெயில் அடியில ஒட்டுற லோகோ இதைப்போல பல மடங்கு இருக்கும். அதை யாரும் கேக்கல!

வெண்ணாற்றுக்காரன்:
லோகோ கண்ணுக்காவது தெரியுது தம்பி. இதைப் பாத்து நாங்களும் ஆரம்பிச்சோம். 600 உறுப்பினருக்கு கொள்முதல் நிலையம் பத்தி ஒரு வரி அறிவிப்பு. மொத்தமே மூணரை எம்பிதான், அதுல சண்டை இல்ல. ஆனா போன்ல மெயில் பாக்குறவங்களுக்கு "ஸ்மைம்.பி7எஸ்"னு ஒரு ஃபைல் நிக்குது. "அந்த ஃபைல் திறக்கல, டோக்கன் அதுலதான் இருக்கா?"ன்னு அன்னைக்கு முழுக்க போன். அந்தச் சுமையை எந்தக் கேபியில அளக்குறது?

கொள்ளிடம் சர்வர்:
ரெண்டு பேரும் சின்ன மீனுக்குச் சண்டை போடுறீங்க. பெரிய செலவு வேற இடத்துல. அவுட்லுக்ல, கையெழுத்து மெயிலைத் தெளிவான உரையா அனுப்பவான்னு ஒரு டிக் பெட்டி இருக்கும். அதை எடுத்துட்டா மெயில் முழுசும், இணைப்போட, கையெழுத்துக்குள்ள போயி "பி7எம்"ங்கிற ஒரே ஃபைலா மாறிடும். மெயில்ல போற ஃபைலை வெறும் எழுத்துகளா மாத்துற முறை பேஸ்64. இணைப்பு ஏற்கெனவே அதுல மூணில் ஒரு பங்கு கூடியிருக்கும். இப்ப மொத்தமும் இன்னொரு தடவை பேஸ்64. 6 எம்பி பிடிஎஃப் 11 எம்பியைத் தொடும். 15 எம்பி தணிக்கை அறிக்கைன்னா, சாதாரணமா 25 எம்பி வரம்புக்குள்ள போறது இப்படிப் போட்டா திரும்பி வந்துடும். எங்கிட்ட வர்ற "மெயில் போகல" புகார்ல இதுவும் ஒண்ணு. அப்படி வந்ததைக் கையெழுத்து தெரியாத ஆப்ல திறந்தா உள்ளடக்கமே தெரியாது.

குடந்தை டோக்கன்:
அந்த டிக்கைக் காரணமாத்தான் எடுக்குறாங்க அண்ணே. நடுவுல ஏதாவது சர்வர் "இம்மெயில் வைரஸ் சோதிக்கப்பட்டது"ன்னு ஒரு வரி ஒட்டினாலே தெளிவுரைக் கையெழுத்து செல்லாம போயிடும். பி7எம்-ல கை வைக்க முடியாது.

மன்னை நிழல்:
பிஜிபிக்கு மாறுங்களேன், அதுவும் மெயில்ல கையெழுத்துப் போடுற இன்னொரு முறைதான். அதுல எட்25519 வகைக் கையெழுத்து 64 பைட். தலைப்பு, அலங்காரம் எல்லாம் சேத்தாலும் கால் கேபிக்குள்ள முடிஞ்சுடும்.

குடந்தை டோக்கன்:
அதுல சான்றிதழ் கூட வராது, அதனாலதான் சின்னது. கையெழுத்தைச் சரிபாக்க உதவுற பொதுச்சாவியை அனுப்புறவர்கிட்ட முன்னாடியே வாங்கி வெச்சிருக்கணும். தவிர, 2000ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி எடுபடணும்னா உரிமம் வாங்கின நிறுவனத்தோட சான்றிதழ் வேணும். அப்புறம், இதுக்கே மூச்சு வாங்குறவங்க 2024ல அமெரிக்கா வெளியிட்ட புது தரத்தைப் பாருங்க. குவாண்டம் கணினிக்கும் அசையாத எம்எல்-டிஎஸ்ஏ, அதுல சின்ன அளவுலயே ஒரு கையெழுத்து 2420 பைட், பொதுச்சாவி 1312. ரெண்டு சான்றிதழோட அனுப்பினா கையெழுத்தும் சாவியும் மட்டுமே மெயில்ல 13 கேபி, மத்த விவரம் தனி.

வெண்ணாற்றுக்காரன்:
அப்ப இன்னும் நல்லாச்சு. என் கேள்வி மாறல: அறிக்கைக்கும் பில்லுக்கும் போடுங்க, "நன்றி"க்கு எதுக்கு?

கொள்ளிடம் சர்வர்:
"எங்க வங்கிக் கணக்கு எண் மாறியிருக்கு, இனிமே இதுல போடுங்க"ங்கிறதும் ரெண்டு வரி மெயில்தான் சார். ஏமாத்துறவன் 10 எம்பி அறிக்கை தயார் பண்ணிக்கிட்டு உக்காந்திருக்க மாட்டான்.

வெண்ணாற்றுக்காரன்:
அது சரி. பணம் சம்பந்தப்பட்ட எதுக்கும் போடட்டும், அளவு பாக்க வேணாம். உறுப்பினர் அறிவிப்புல நாங்க நிறுத்திடுறோம். கையெழுத்தை ஒவ்வொரு மெயிலுக்கும் தனியா எடுக்க முடியுமா, இல்ல போட்டா எல்லாத்துக்கும்தானா?

குடந்தை டோக்கன்:
முடியும். அவுட்லுக்ல புது மெயில் விண்டோவுல ஆப்ஷன்ஸ் டேப், அதுல "சைன்" பட்டன். அந்த ஒரு மெயிலுக்கு மட்டும் அணைச்சுக்கலாம்.