பழைய கேரம் காய்கள் தேவை, கூடவே ஒரு யோசனையும்

வணக்கம். தண்டையார்பேட்டையில் ஆறாம் வகுப்புக்கு எண் புதிர்களை வைத்துக் கணக்கு நடத்துகிறோம். 40 பிள்ளைகள், நாலு பேருக்கு 9 காய் கொண்ட ஒரு செட். ஒரு பெட்டியில் வெள்ளை 9, கறுப்பு 9 இருப்பதால் 5 பெட்டி போதும். ராயபுரம், காசிமேடு, வியாசர்பாடி கேரம் மன்றங்களில் ஒதுக்கிவைத்த காய்கள் இருந்தால் சொல்லுங்கள், நேரில் வந்து வாங்கிக்கொள்கிறோம். விளிம்பு பெயர்ந்திருந்தாலும் பரவாயில்லை. பவுடர் படிந்த காயில் மார்க்கர் மை நிற்காது. ஈரத்துணியால் துடைத்து, ஸ்டிக்கர் ஒட்டி, 1 முதல் 9 வரை எழுதுவோம். 6, 9 இரண்டுக்கும் அடிக்கோடு கட்டாயம். காய் தலைகீழானால் ஒன்று மற்றொன்றாகிவிடும்.

அடுத்து யோசனை. 3-க்கு 3 மாயச்சதுரத்தில் (1 முதல் 9 வரை எண்களை வைத்து, எந்த வரிசையை, நெடுக்கை, மூலைவிட்டத்தைக் கூட்டினாலும் ஒரே தொகை வரவேண்டும்), கூட்டினால் 15 வரும் மூன்று மூன்று எண்களை முதலில் எழுதச் சொல்கிறோம். மொத்தமே 8 தான் வரும். அதில் 5 நாலு தடவை, இரட்டை எண்கள் மூன்று தடவை, மற்றவை இரண்டு தடவை. சதுரத்திலும் நடுக்கட்டம் வழியே நாலு கோடு, மூலைக்கு மூன்று, பக்கத்துக்கு இரண்டு; அதனால் 5 நடுவில், இரட்டை எண்கள் மூலையில். இது பிடிபட்டால் குத்துமதிப்பு தேவையில்லை, அந்த இடம்தான் கணக்கு.

சிக்கல் என்னவென்றால், ஒருவர் முடித்ததும் மற்ற மூவரும் பார்த்து வைத்துவிடுகிறார்கள். எப்படித் திருப்பினாலும் விடை ஒன்றுதானே! முக்கோணத்தில் பக்கத்துக்கு 4 காய் வைத்து, கூட்டுத்தொகை 17, 20, 23 எனக் குழுவுக்கு ஒன்றாகக் கொடுக்கலாமா? எதை முதலில் கொடுப்பது? வகுப்பில் செய்து பார்த்த ஆசிரியர்கள் சொல்லுங்களேன்.