சங்கிலி பவளத்தில் சுற்றிய இரவு

கடலில் மறக்க முடியாத சந்திப்பு எது என்ற கேள்விக்கு, திமிங்கலம், டால்ஃபின் என்று பலரும் அழகான சந்திப்புகளை எழுதியிருக்கிறீர்கள். எனக்கு மறக்காதது ஒரு பவளத் திட்டோடு நேர்ந்த சந்திப்பு.

நானும் கணவரும் பாய்மரப் படகிலேயே குடியிருந்து பசிபிக்கைக் கடந்த வருடம் அது. துவாமோத்து தீவுக்கூட்டத்தில், ஃபக்கராவாவில் நங்கூரம் போட்டிருந்தோம். பவள வளையத்துக்குள் சுமார் 60 கி.மீ. நீளமான காயல். மராமு என்கிற தென்கிழக்குக் காற்று அங்கே நாள்கணக்கில் அடிக்கும். ஒதுங்கத் தென்கிழக்கு மூலைதான் வசதி. தென்னைகளின் மறைவில் தண்ணீர் குளம் மாதிரி கிடக்கும். ஆழம் 10 மீட்டர், 50 மீட்டர் சங்கிலி விட்டிருந்தோம். தாராளம் என்றுதான் நினைத்தோம்.

மராமு அடங்கியும் நாங்கள் கிளம்பவில்லை. இரண்டு நாள் காற்று மெல்லத் திசை மாறி மாறி வீசியது. மூன்றாம் நாள் நடுராத்திரியில் வடமேற்கிலிருந்து மழையோடு ஒரே அடி. அதுவரை காற்றை மறைத்த கரை இப்போது முதுகுக்குப் பின்னால் பாறையாக நின்றது. காயலின் முழு நீளத்தையும் கடந்து வந்த அலை, படகின் முன்முனையான அணியத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டது. ஒவ்வொரு முறையும் 'ணங்' என்று ஓர் இடி, படுக்கைப் பலகை வரை அதிர்ந்தது. சங்கிலியின் இழுவையை வாங்கிக்கொள்ள மாட்டியிருந்த நைலான் கயிறு அறுந்துபோனது. விடியும் வரை கணவர் இன்ஜினை மெதுவாக முன்னோக்கி ஓட்டிச் சுமையைக் குறைத்தார். நான் அணியத்தில் குப்புறப் படுத்து, டார்ச் அடித்து, சங்கிலி எந்தப் பக்கம் இழுக்கிறது என்று கத்திக்கொண்டே இருந்தேன்.

காலையில் முங்கிப் பார்த்தோம். படகு சுற்றிச் சுற்றி வந்ததில் சங்கிலி ஒரு பவளத் திட்டை இரண்டு சுற்று சுற்றியிருந்தது. 50 மீட்டரில் எங்களுக்கு மிஞ்சியது 15 மீட்டர்கூட இல்லை. நங்கூரம் மணலில் போட்டபடியே புதைந்து கிடந்தது. சங்கிலி உரசிய இடமெல்லாம் பவளம் வெள்ளை வெளேரென்று உடைந்திருந்தது. ஒரு கிளையைத் தொட்டதும் கையோடு வந்துவிட்டது. அது வளர எத்தனை வருடம் ஆகியிருக்கும்! அன்றைய பயம் எப்போதோ போய்விட்டது, இது மட்டும் இன்னும் உறுத்துகிறது.

*

அக்கா, எங்களுக்கும் போன வருடம் இதேதான். பக்கத்துப் படகுக்காரர் சங்கிலியில் மிதவை கட்டியிருந்தார், அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. நீங்கள் கட்டிப் பார்த்தீர்களா?

*

அதற்கப்புறம் பவளம் உள்ள இடத்தில் மிதவை இல்லாமல் நங்கூரம் போட்டதே இல்லை, தம்பி. முத்துப் பண்ணைகளிலிருந்து கழன்று கரை ஒதுங்கும் மிதவைகளைப் பொறுக்கி வைத்திருக்கிறோம். நங்கூரத்தை ஒட்டிய 15 மீட்டர் சங்கிலி மணலிலேயே கிடக்கட்டும். அப்புறம் ஆறேழு மீட்டருக்கு ஒரு மிதவை மாட்டினால் மீதிச் சங்கிலி பவளத்தைத் தொடாமல் மேலே தொங்கும். மிதவை நீர்மட்டம் வரை வந்துவிடக் கூடாது, நம் சுக்கானிலேயே சிக்கும். முக்கியமாக, வெயில் உச்சியில் இருக்கும்போது போய்ச் சேருங்கள். அப்போதுதான் மணல் வெளிர் நீலமாகவும் பவளம் பழுப்பாகவும் பிரிந்து தெரியும்.